ஒட்டு கூடினால் நினைவு கூடுமா?

கேள்வி, மன்னார்குடியில் முதுகலை விலங்கியல் படிக்கும் மாணவி ஒருவருடையது: "செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் செல் ஒட்டு மூலக்கூறுகள் இல்லாவிட்டால் கற்றலும் நினைவும் இல்லை என்று பாடத்தில் வருகிறது. அப்படியானால் நியூரான்கள் (நரம்புச் செல்கள்) எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கின்றனவோ அவ்வளவு நினைவாற்றல் என்று எடுத்துக்கொள்ளலாமா? நினைவு பதியும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில், எலியிடம், பிஎஸ்ஏ-என்கேம் என்ற ஒட்டுப் புரதத்தை அளப்பதுதான் அடுத்த பருவத்தில் என் ப்ராஜெக்ட். எதில் கவனமாக இருக்க வேண்டும்?"

எடுத்துக்கொள்ளக் கூடாது. பல சோதனைகள் நேர் எதிராகத்தான் சொல்கின்றன. ஒரு புது நினைவு பதிய வேண்டுமானால் முதலில் பழைய பிடி தளர வேண்டும், பிறகு புது இடத்தில் இறுக வேண்டும். தளர்வதும் இறுகுவதும் எந்த சினாப்ஸில் (இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடம்), கற்ற எத்தனையாவது மணியில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் ப்ராஜெக்ட்டும் இந்த நேரக் கணக்கை வைத்தே நிற்கும், இல்லையென்றால் விழும். அதனால் அடிப்படையைச் சொல்லிவிட்டு ஆய்வகத்துக்கு வருகிறேன்.

சினாப்ஸில் இரண்டு நியூரான்களின் சவ்வுகளுக்கு நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. பாடப்புத்தகப் படத்தில் அது வெறும் வெள்ளையாகக் கிடக்கும். உண்மையில் அங்கே புரத நெரிசல். இரு சவ்வுகளிலிருந்தும் நீளும் புரதங்கள் நடுவில் கோத்துக்கொள்கின்றன. அவற்றின் வால் செல்லுக்குள் போய் செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் இழைகளோடும், சமிக்ஞையை வாங்கும் ஏற்பிகளைத் தாங்கி நிற்கும் சாரப் புரதங்களோடும் இணைகிறது. வெளியே யாரைப் பிடித்திருக்கிறோம் என்ற செய்தி அந்த வால் வழியாகவே உள்ளே போகிறது. இவற்றை வெறும் பசை என்று நினைத்தால் பாதி வேலை கண்ணில் படாது.

குடும்பங்கள் நான்கை நினைவில் வைத்தால் போதும்: இம்யூனோகுளோபுலின் வகை (என்கேம், எல்1, சின்கேம்), கேடரின், இன்டெக்ரின், நியூரெக்சின்-நியூரோலிகின் ஜோடி. தேர்வில் பட்டியல் கேட்பார்கள், எழுதிவிடுங்கள். ஆராய்ச்சியில் உதவுவது வேறொரு பிரிவு: கால்சியம் இல்லாமல் பிடிப்பவை எவை, கால்சியம் இருந்தால் மட்டுமே பிடிப்பவை எவை. என்கேமுக்குக் கால்சியம் வேண்டாம். கேடரினுக்குக் கட்டாயம் வேண்டும்.

கேடரினில் தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே தர்க்கம் சுத்தமாகத் தெரியும். என்-கேடரினின் வெளிப்பகுதியில் ஐந்து அடுக்குகள். ஒவ்வொரு இரண்டு அடுக்குக்கும் நடுவே கால்சியம் அமர்ந்தால்தான் அந்தத் தண்டு விறைத்து நிற்கும், விறைத்தால்தான் எதிர்ப்பக்கத் தண்டோடு கோக்கும். சினாப்ஸ் மும்முரமாக வேலை செய்யும்போது கால்சியம் செல்லுக்குள் பாய்வதால் இடைவெளியில் அதன் அளவு சற்று நேரம் குறைகிறது. அதாவது வேலையே பிடியைத் தளர்த்தும் வாய்ப்பு உண்டு. 1998இல் எரின் ஷூமன் குழு, கேடரின்கள் கோக்கும் இடத்தைப் போலவே அமைந்த ஒரு சிறு பெப்டைடை (புரதத் துண்டை) ஹிப்போகேம்பஸ் சீவல்களில் செலுத்தியது. சாதாரண சமிக்ஞை மாறவில்லை. ஆனால் அடுக்கடுக்காகத் தூண்டினால் சினாப்ஸ் நீண்ட நேரம் வலுப்பெற்று நிற்குமே, எல்டிபி என்கிறோமே, அது குன்றியது. வெளியே கால்சியத்தைக் கூட்டியபோது அதே பெப்டைடால் எதுவும் செய்ய முடியவில்லை. பிடி ஒரு கணம் தளரும்போதுதான் பெப்டைட் உள்ளே நுழைகிறது என்று இதற்குப் பொருள்.

இனி உங்கள் மூலக்கூறு. என்கேமில் ஐந்து இம்யூனோகுளோபுலின் மடிப்புகள், இரண்டு ஃபைப்ரோநெக்டின் மடிப்புகள். ஒரே மரபணுவிலிருந்து மூன்று முக்கிய வடிவங்கள் வருகின்றன: 120, 140, 180 கிலோடால்டன். 120 சவ்வில் கொழுப்புக் கொக்கியால் தொங்கும். மற்ற இரண்டும் சவ்வை ஊடுருவி உள்ளே வால் வைத்திருக்கும், 180இன் வால் நீளம். ஐந்தாவது மடிப்பில் உள்ள இரண்டு சர்க்கரை இணைப்பு இடங்களில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல் நீள்கிறது. அதுதான் பாலிசியாலிக் அமிலம், சுருக்கமாகப் பிஎஸ்ஏ. இந்தச் சங்கிலியை நீட்டும் நொதிகள் இரண்டு, அவற்றின் மரபணுக்கள் எஸ்டி8சியா2, எஸ்டி8சியா4. முந்தையது கருவிலும் பிறந்த புதிதிலும் அதிகம். வளர்ந்த மூளையில் பிந்தையது மேலோங்கும்.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் எதிர் மின்னூட்டம் இருப்பதால் அது தண்ணீரை ஏராளமாக இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த நீர்ப்பருமன் இரு சவ்வுகளையும் விலக்கி நிறுத்தும். என்கேம் மட்டுமல்ல, பக்கத்தில் உள்ள மற்ற ஒட்டுப் புரதங்களும் எட்டிப் பிடிக்க முடியாமல் போகும். நாற்றுப் பறிப்பதற்கு முன் நாற்றங்காலில் ஏன் தண்ணீர் கட்டுகிறோம்? மண் இளகினால்தான் வேர் அறாமல் நாற்று கையோடு வரும். காய்ந்த நாற்றங்காலில் இழுத்தால் தாள் மட்டும் கையில் நிற்கும். நட்ட வயலில் ஒரு வாரத்தில் வேர் பிடிக்க வேண்டும், அப்போது தண்ணீர் தலைக்கு மேல் நின்றால் நாற்று மிதந்துவிடும். பிஎஸ்ஏ அந்தத் தண்ணீர். வேண்டிய நேரத்தில் வர வேண்டும், வேலை முடிந்ததும் வடிய வேண்டும்.

பிறந்த எலிக்குட்டியின் மூளை முழுக்கப் பிஎஸ்ஏ இருக்கும். வளர்ந்தபின் சில இடங்களில் மட்டுமே தங்கும்: ஹிப்போகேம்பஸின் டென்டேட் கைரஸ், அங்கிருந்து புறப்படும் பாசி இழைகள், முகர்வுக் குமிழுக்குப் புது நியூரான்கள் நகரும் பாதை, ஹைப்போதலாமஸின் சில கருக்கள். வயது வந்தபின்னும் அமைப்பு மாறிக்கொண்டே இருக்கும் இடங்கள்தான் இவை. வேடிக்கை என்னவென்றால், பிறந்த குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் ஈ.கோலை கே1 பாக்டீரியாவும், மெனிங்கோகாக்கஸ் பி வகையும் போர்த்திக்கொண்டிருப்பது இதே சங்கிலிதான். உடல் அதைத் தன்னுடையது என்று விட்டுவிடுகிறது. ஆராய்ச்சிக்கு இதனால் ஒரு லாபம்: அந்தப் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் சங்கிலியை வெட்டும் நொதி ஒன்றை வைத்திருக்கின்றன. எண்டோ-என் என்று நாம் வாங்கும் நொதி அதுதான்.

அந்த நொதியைக் கொண்டு 1996இல் டொமினிக் முல்லர் குழு ஹிப்போகேம்பஸ் சீவல்களில் பிஎஸ்ஏவை மட்டும் வெட்டி எடுத்தது. என்கேம் அப்படியே இருக்கிறது, ஒட்டும் திறன் கூடத்தான் செய்திருக்கும். ஆனால் எல்டிபி வரவில்லை. "ஒட்டு கூடினால் நினைவு கூடும்" என்ற கணக்கு அடிபடுவது இங்கேதான். என்கேமே இல்லாவிட்டால்? 1994இல் அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் உயிரோடு வளர்ந்தன. முகர்வுக் குமிழ் சிறுத்தது, தண்ணீர்த் தொட்டியில் இடம் கண்டுபிடிக்கும் பாடத்தில் பின்தங்கின. ஆக, பிடி இல்லாமலும் ஆகாது, விடாத பிடியும் ஆகாது.

நேரக் கணக்கைக் காட்டியது டப்ளினில் சியாரன் ரீகன் குழு. எலிக்கு ஒரு பாடம் கற்பித்து, 6 முதல் 8 மணி நேரம் கழித்து என்கேமுக்கு எதிரான ஆன்டிபாடியை மூளையறைக்குள் செலுத்தினார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பாடம் மறந்திருந்தது. வேறு நேரங்களில் செலுத்தியபோது அந்த மறதி வரவில்லை. பாடம் முடிந்த 10 முதல் 12 மணி நேரத்தில் டென்டேட் கைரஸில் பிஎஸ்ஏ தாங்கும் நியூரான்கள் கூடிப் பிறகு குறைந்தன. இந்த 10-12 என்ற எண்ணை நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.

தளர்வதை இன்னும் கண்கூடாகக் காட்டியது ஒரு கடல் முயல், அதாவது அப்ளீசியா என்ற, வெளியே ஓடு தெரியாத கடல் நத்தை. 1992இல் எரிக் கேண்டல் குழு அதன் உணர்வு நியூரான்களில் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருளை விட்டது. ஒரு மணி நேரத்துக்குள் என்கேமை ஒத்த ஒட்டுப் புரதம் சவ்வின் மேற்பரப்பில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. செல்லே அதை உள்ளே இழுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் புதுச் சினாப்ஸ்கள் முளைத்தன.

எதிர்த்திசையில் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சின்கேம்1 புரதத்தை அளவுக்கு மேல் உண்டாக்கும் சுண்டெலிகளில் சினாப்ஸ் எண்ணிக்கை கூடியது, இடம் கற்கும் திறனோ குன்றியது. அதே புரதம் இல்லாத சுண்டெலிகள் நன்றாகக் கற்றன. நியூரோலிகின்-1ஐக் கூட்டியவையும் கற்பதில் பின்தங்கின. சினாப்ஸ் எண்ணிக்கையை மட்டும் எண்ணி "அறிவு கூடியது" என்று எழுதும் ஆய்வறிக்கைகளை நான் நம்புவதில்லை.

நியூரெக்சின், நியூரோலிகின் பற்றிப் பல குறிப்பேடுகளில் ஒரு பிழை தொடர்கிறது: "இவை இல்லாவிட்டால் சினாப்ஸ் உருவாகாது." நியூரெக்சின் 1992இல் கறுப்பு விதவைச் சிலந்தி நஞ்சின் ஏற்பியாகக் கண்டுபிடிக்கப்பட்டது, தாமஸ் சுதாஃப் ஆய்வகத்தில். 2000இல், நியூரானே அல்லாத செல்லில் நியூரோலிகினை வைத்தால், அதைத் தொடும் ஆக்ஸான் (நியூரானின் நீள இழை) அங்கேயே சமிக்ஞை வெளியிடும் முனையை அமைத்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். பிழை அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் 2006இல் மூன்று நியூரோலிகின்களும் நீக்கப்பட்ட சுண்டெலிக் குட்டிகளில் சினாப்ஸ்கள் கிட்டத்தட்ட வழக்கமான எண்ணிக்கையில் இருந்தன. அவை சரியாக வேலை செய்யவில்லை, குட்டிகள் பிறந்ததும் இறந்தன. இவற்றின் முக்கிய வேலை சினாப்ஸைப் பக்குவப்படுத்துவது, இன்னது தூண்டும் சினாப்ஸ், இன்னது அடக்கும் சினாப்ஸ் என்று தரம் பிரிப்பது. நியூரோலிகின்-1 தூண்டும் பக்கம், 2 அடக்கும் பக்கம். மனிதர்களில் நியூரோலிகின் 3, 4 மரபணு மாற்றங்கள் ஆட்டிசத்தோடு தொடர்புள்ளவை என்பது 2003இல் வெளிவந்தது. நியூரெக்சின்-1 மரபணுவில் துண்டு இழப்பது ஆட்டிசத்துக்கும் மனச்சிதைவுக்கும் வாய்ப்பைக் கூட்டும். வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவுதான். அதே இழப்போடு நலமாக இருப்பவர்களும் உண்டு.

மனித நோயில் நேரடியாகத் தெரிவது எல்1. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பழுதானால் ஆண் குழந்தைக்குத் தலையில் நீர் கோத்தல், பெருவிரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியிருத்தல், கால் விறைப்பு, அறிவு வளர்ச்சிக் குறைவு, இரு மூளைப் பாதிகளையும் இணைக்கும் பட்டை மெலிதல் ஆகியவை வரலாம். நம் பக்கத்தில் இப்படிக் குழந்தை பிறந்தால் உடனே "சொந்தத்தில் கட்டியதால்தான்" என்பார்கள். இந்த நோய்க்கு அந்தக் காரணம் பொருந்தாது. தாய் பழுதைச் சுமந்தால், கணவர் அத்தை மகனோ அந்நியரோ, ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சில குழந்தைகளில் அது புதிதாகவே தோன்றியிருக்கும். இரு பக்கமும் பழுது சேர்ந்தால் வரும் வேறு நோய்களுக்குத்தான் சொந்தத் திருமணம் வாய்ப்பைக் கூட்டுகிறது. குடும்பத்தில் தாய்மாமன் ஒருவருக்கும் இதே குறை இருந்ததா என்று கேட்பது, அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபணு ஆலோசனைக்குப் போக நல்ல தடயம்.

எல்1 பற்றி இன்னொன்று. எத்தனால் அதன் ஒட்டும் வேலையைத் தடுக்கிறது. வளர்ப்புச் செல்களில் இதைக் காட்டிய எத்தனால் அளவு, ஓரிரு முறை ஊற்றிக் குடித்தால் ரத்தத்தில் வரும் அளவுதான். கர்ப்பத்தில் மது கருவின் மூளையைக் கெடுக்கும் வழிகளில் இதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது. "கொஞ்சம் கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி" என்று கர்ப்பிணிக்குக் கொடுப்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

சாப்பாட்டில் பிஎஸ்ஏவைக் கூட்ட முடியுமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். ஒட்டுப் புரதத்தைத் தின்றால் அது குடலில் அமினோ அமிலமாகிவிடும், மூளைக்குப் போகாது. சியாலிக் அமிலம் தாய்ப்பாலில், அதிலும் சீம்பாலில், நிறைய உண்டு. கூடுதலாகக் கொடுக்கப்பட்ட பன்றிக்குட்டிகள் சீக்கிரம் கற்றன என்று 2007இல் ஒரு ஆய்வு வந்தது. அது வளரும் மூளையைப் பற்றியது. அதைக் காட்டிப் பெரியவர்களுக்கு மாத்திரை விற்பது வியாபாரம்.

இப்போது ஆய்வகம். நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் வராமல் எலியைத் தொடாதீர்கள். விண்ணப்பத்தில் குழுக்களின் எண்ணிக்கையும் நேரப் புள்ளிகளும் முன்கூட்டியே எழுத வேண்டும், பிறகு மாற்றுவது சிரமம். அதனால் நேரத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். பயிற்சி முடிந்த 1 மணியிலும் 24 மணியிலும் மட்டும் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் "மாற்றமில்லை" என்று எழுத நேரும். 12 மணி கட்டாயம் இருக்கட்டும். காலை 8 மணிக்குப் பயிற்சி என்றால் இரவு 8 மணிக்குத் திசு எடுக்க ஆள் வேண்டும், விடுதி வார்டனிடம் முன்பே பேசி வையுங்கள். கட்டுப்பாட்டுக் குழு கூண்டில் சும்மா இருந்த எலி மட்டும் என்றால் போதாது. பயிற்சி தண்ணீர்த் தொட்டியில் மறைந்த மேடையைக் கண்டுபிடிப்பது என்றால், மேடை இல்லாத தொட்டியில் அதே நேரம் நீந்திய எலியும் வேண்டும். நீச்சலின் மன அழுத்தமே பிஎஸ்ஏவை அசைக்கும்.

எலிகள் ஒரே வயதாக இருக்கட்டும், முடிந்தால் ஒரே ஈற்றுக் குட்டிகள். வயது ஏற ஏறப் பிஎஸ்ஏ வேகமாகக் குறையும். இரண்டு மாத எலியையும் ஐந்து மாத எலியையும் கலந்தால் நீங்கள் அளப்பது வயதைத்தான். ஹிப்போகேம்பஸை முழுதாக அரைத்தாலும் டென்டேட் கைரஸில் நடந்த மாற்றம் கரைந்துபோகும். பனிக்கட்டிமேல் வைத்துப் பிரித்தெடுக்கப் பழகுங்கள்.

புரதங்களை ஜெல்லில் அளவுப்படி பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் அடிக்கடி கெடுவது மாதிரியைக் கொதிக்க வைப்பதால். பாலிசியாலிக் சங்கிலி சூட்டிலும் அமிலத்திலும் உடையும். 95 டிகிரியில் 5 நிமிடம் என்ற வழக்கத்தை விட்டு, 60 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். இடையகக் கரைசல் நடுநிலைக்குக் கீழே போக வேண்டாம். ஜெல் 6 அல்லது 7 சதவீதம், ஜெல்லின் ஒரு பாதைக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம், ஜெல்லிலிருந்து சவ்வுத்தாளுக்கு மாற்றுவது இரவு முழுக்கக் குளிரில். கூர்மையான பட்டையைத் தேடாதீர்கள். பிஎஸ்ஏ-என்கேம் சுமார் 180க்கு மேலிருந்து 250 தாண்டி ஒரு புகைமூட்டமாகத்தான் வரும், சங்கிலிகளின் நீளம் வேறுபடுவதால். கூர்மையான ஒரே பட்டை வந்தால் சங்கிலி வெட்டுப்பட்டிருக்கலாம், அல்லது ஆன்டிபாடி வேறு எதையோ பிடித்திருக்கலாம்.

ஒன்றுமே வரவில்லையா? முதல் ஆன்டிபாடியைப் பிடித்துக் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடியைப் பாருங்கள். 5ஏ5, 12ஈ3 போன்ற பிரபலமான முதல் ஆன்டிபாடிகள் எம் வகை (ஐஜிஎம்). அலமாரியில் இருக்கும் ஜி வகைக்கான (ஐஜிஜி) இரண்டாம் ஆன்டிபாடி அவற்றைச் சரியாகப் பிடிக்காது. ஒரு மாதம் இதில் வீணாவது சர்வசாதாரணம். 735 என்பது ஜி வகை, அதற்கு வழக்கமானது போதும்.

நெறிமுறைத் தாளில் "அறை வெப்பநிலை" என்றிருப்பது 22 முதல் 25 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் தஞ்சாவூர் அறை அதுவல்ல. மின்விசிறிக்கடியில் 36 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் பின்னணி கறுக்கும், ஓரம் காயும். முதல் ஆன்டிபாடியை 4 டிகிரியில் இரவு முழுக்க வைப்பது மேல். திசுவைத் திருச்சிக்கோ தஞ்சைக்கோ வேறு ஆய்வகத்துக்குப் பஸ்ஸில் கொண்டுபோவதானால் ஐஸ் கட்டி போதாது, உலர்பனி வேண்டும். மாதிரிகளை ஒரே குழாயில் வைக்காமல் மூன்றாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரு மின்வெட்டில் உருகி மீண்டும் உறைந்த மாதிரியை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

சீவல்களில் மின்பதிவும் செய்யப் போகிறீர்கள் என்றால்: செயற்கை மூளைத்தண்டுவட நீரில் 95 சதவீத ஆக்சிஜன், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலவையைக் குமிழிவிட்ட பிறகே கால்சியம் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து நீர் கலங்கும். கலங்கலை வடிகட்டிப் பயன்படுத்தினால் கால்சியம் குறைந்த நீரில் பதிவு செய்கிறீர்கள், கேடரின் பிடியும் சமிக்ஞை வெளியீடும் சேர்ந்தே குன்றும். கடலோரப் பக்கம் குழாய்த் தண்ணீர் உப்பும் சுண்ணமும் ஏறியது, கண்ணாடிச் சாமான்களைக் கடைசியில் மிகத் தூய நீரால் இரண்டு முறை அலசுங்கள். செல்களைப் பிரிக்கும்போதும் இதே கால்சியம்தான் கணக்கு: புரதத்தை வெட்டும் டிரிப்சினோடு 1 மில்லிமோலார் கால்சியம் இருந்தால் கேடரின் தப்பிக்கும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ இருந்தால் அறுபட்டுவிடும்.

கட்டுப்பாட்டுச் சோதனைகளில் விடக் கூடாதது எண்டோ-என். ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றில் நொதி விடுங்கள். அது எட்டுக் கண்ணிக்குக் குறையாத சங்கிலியை மட்டும் வெட்டும். புகைமூட்டம் மறைந்து, என்கேம் ஆன்டிபாடியில் 180, 140 பட்டைகள் தெளிந்தால் நீங்கள் பார்த்தது பிஎஸ்ஏதான். அளவிடும்போது பிஎஸ்ஏவை ஆக்டினோடு மட்டும் ஒப்பிடாமல், நொதி விட்ட பாதியில் உள்ள மொத்த என்கேமோடும் ஒப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்து கூடினால் புரதமே கூடியிருக்கிறது, பிஎஸ்ஏ மட்டும் கூடினால் சங்கிலி நீண்டிருக்கிறது அல்லது புதிதாக ஏறியிருக்கிறது. அப்போதும் ஒரு சந்தேகம் மீதி. டென்டேட் கைரஸில் புதிதாகப் பிறக்கும் நியூரான்களும் பிஎஸ்ஏ போர்த்தியே வரும். அதனால் சில எலிகளின் மூளையை 40 மைக்ரான் சீவல்களாக வைத்து, பிஎஸ்ஏவோடு, இளம் நியூரான்களை அடையாளம் காட்டும் டபுள்கார்ட்டின் புரதத்தையும் சேர்த்துச் சாயமிடுங்கள். இரண்டும் ஒரே செல்லில் கூடினால் அது புது நியூரான்களின் கணக்காக இருக்கலாம். டபுள்கார்ட்டின் எண்ணிக்கை அப்படியே நிற்கப் பிஎஸ்ஏ மட்டும் 12 மணியில் ஏறி, 24 மணியில் இறங்கினால்தான் கற்றலோடு தொடர்புபடுத்தி எழுதலாம்.